ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்': அடுத்து என்ன?

கேள்வி: சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு போதை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது, விட்டுவிட்டேன். போன மாதம் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை செய்தேன், நெகடிவ். ஆலோசகர் சொல்லி ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பார்த்தால் 'ரியாக்டிவ்'. எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே! மனைவிக்கும் வந்திருக்குமா?
- வாசகர், சென்னை

பதில்: பதறாதீர்கள். உங்கள் உடம்பு என்றைக்கோ கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அந்த ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகப் போய்விடும். அதை எதிர்க்க உடம்பு உருவாக்கிய ஆன்டிபாடி மட்டும் ரத்தத்தில் நின்றுவிடும். ஆன்டிபாடி சோதனையையே வேறு லேபில் மறுபடி எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். கிருமி இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் காட்டும். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

ரத்தம் வழியாக இது எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றும். சிரிஞ்ச் அவரவருடையதாக இருந்தாலும் மருந்து கரைத்த கரண்டி, வடிகட்டிய பஞ்சு, சிரிஞ்சை அலசிய டம்ளர் தண்ணீர் பொதுவாக இருந்தாலே போதும். சிரிஞ்சுக்குள் தங்கிய துளி ரத்தத்தில் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. சோதனையில் இது தெரியாது, தனியாகத்தான் பார்க்கவேண்டும். உங்கள் ஆலோசகர் செய்தது பெரிய உதவி.

காமாலை பலருக்கு வருவதே இல்லை. இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

ஆர்.என்.ஏ. பாசிடிவ் என்றால், 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ கல்லீரல் பிரிவில் விசாரியுங்கள். கல்லீரல் சுருங்காதவர்களுக்கு வழக்கமாக சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டாக்லடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒருவேளை, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது. தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம்: சி அடங்கும்போது, பதுங்கியிருந்த பி கிளம்பிக் கல்லீரலைத் தாக்கலாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் மறைக்காமல் சொல்லவேண்டும். சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு அபாயமாகக் குறையும். எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கு டாக்லடாஸ்விர் 90 மி.கி. ஆகும்.

தாம்பத்திய உறவில் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. இருந்தாலும் மனைவி ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. எடுங்கள். அதில் கிருமி இல்லையென்றால் குணம். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஊசியைப் பகிர்ந்தால் மறுபடியும் தொற்றும்.