சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம்: கேள்வி பதில்

சார், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம்?
கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கி.மீ. அட்டவணைப்படி ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி நேரம். தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு ஊரும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியிலிருந்து துருவம் 88.6 பாகை, கென்னடியிலிருந்து 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள்.

அப்போ துருவத்துக்கு மேலேயேதான் பறக்குமா?
அநேகமாக இல்லை. ஜப்பான் பக்கம் ஏறி வட பசிபிக் வழியாகப் போவதுதான் வழக்கம். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். அது முதுகில் தள்ளினால் சில நூறு கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். திரும்பும்போது அதே காற்று எதிர்க்குமே என்று அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. ஆக, போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு. பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்!

பகல் 12-க்குக் கிளம்பினால் அன்று மாலை 6.45-க்கே இறங்குமாமே. ஆறே முக்கால் மணி நேரம்தானா?
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்க்காதீர்கள். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13.

பூமி கிழக்கே சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வராதா?
வராது தம்பி. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நீங்கள் சொல்வது சரியென்றால் ஹெலிகாப்டரில் ஏறிச் சும்மா மிதந்தால் போதும், நிலநடுக்கோட்டில் உங்களுக்கு அடியில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. நகர்ந்துவிடும்.

அப்படியென்றால் சென்னை–லண்டன் போக, வர நேரம் ஏன் வேறுபடுகிறது?
மேலே சொன்ன ஜெட் காற்று எதிர்ப்பதால் மேற்கே போகத்தான் அதிக நேரம். உங்கள் வாதப்படி குறைய வேண்டும். இது உங்களுக்கு எதிரான சாட்சி!

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தக் காற்றை உண்டாக்குவதே சுழற்சிதானே?
இது கேள்வி. பாதி சுழற்சி; மீதி வெப்பம். நிலநடுக்கோட்டில் சூடு, துருவத்தில் குளிர் என்பதால் காற்று துருவம் நோக்கி நகர்கிறது. சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. அதனால் சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் முந்தைய தம்பி சொன்ன விதத்தில் இல்லை.

எத்தனை கி.மீ. சார்?
முதல் பதில்.

சைவ சாப்பாடு கிடைக்குமா?
விமான நிறுவனத்தைக் கேளுங்கள்.

இரவு 11.30 கிளம்பி காலை 6-க்கு...
கழிக்காதீர்கள் என்றேன்!

அம்மாவுக்குக் குறைந்த கட்டணத்தில், எகானமியில் போடலாமா?
இந்த வழியில் பறக்கும் நீண்ட தூர ஏ350 ரக விமானத்தில் எகானமியே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 இருக்கை. எரிபொருள் சுமைக்காக ஆளைக் குறைத்திருக்கிறார்கள். எகானமி வேண்டுமென்றால் பிராங்ஃபர்ட் வழியாகப் போகும் விமானத்தைப் பாருங்கள். கால் வீக்கம் உள்ளவரானால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: நேவார்க்குக்கும் நேரடி விமானம் உண்டு. தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் அது நியூ ஜெர்சியில். அழைத்துப்போக வருபவரிடம் எந்த நிலையம் என்று சொல்லிவிடுங்கள்.