எந்த மாநிலத்தில் காசைப் போடுவது? ஸ்விங் மாநிலக் கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் தேர்தலில் பிரசாரக் குழுக்கள் எந்த மாநிலத்தில் மோதுகின்றன, எதைக் கைகழுவுகின்றன என்பது பற்றி மட்டும் கேளுங்கள். யார் நல்லவர் என்ற பஞ்சாயத்து வேண்டாம்.

முரளி: ஸ்விங் மாநிலம்னு எதை வச்சு முடிவு பண்றாங்க சார்? நெருக்கமான போட்டி இருந்தா போதுமா?

போதாது. மாநிலங்களை உங்கள் கட்சிக்கு மிகச் சாதகமானதில் தொடங்கி வரிசையாக எழுதுங்கள். எலக்டோரல் ஓட்டுகளை (மாநிலத்துக்கு ஒதுக்கிய, பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே முழுதும் போகும் ஓட்டுகளை) கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 538. கூட்டல் 270-ஐத் தொடும் மாநிலம்தான் டிப்பிங் பாயிண்ட். அதற்கு அக்கம்பக்கம் இருப்பவைதான் போர்க்களம், அதாவது ஸ்விங் மாநிலங்கள்.

2020-இல் டெமாக்ரட் வேட்பாளர் பைடனின் வரிசையில் பென்சில்வேனியா வரை கூட்டினால் 269. அடுத்து வந்த விஸ்கான்சின்தான் கோட்டைத் தாண்ட வைத்தது. நாடு முழுக்க அவர் முன்னிலை 4.5 சதவீதம், விஸ்கான்சினில் 0.6. ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 43,000 ஓட்டுக்கும் குறைவு. மூன்றும் கைமாறியிருந்தால் 269-க்கு 269.

அதனால் தேசியக் கருத்துக்கணிப்பைப் பார்த்து மாநிலக் கணக்குப் போடாதீர்கள்.

கவிதா: ஹிலாரிக்கு அதிக ஓட்டு விழுந்தும் தோத்தாங்களே, எப்படி?

2016-இல் ட்ரம்ப்பை விட நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல் கூடுதல். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவில் சேர்த்து சுமார் 77,700 குறைவு. அவ்வளவுதான்.

ஜெகன்: விளம்பரச் செலவை மாநிலவாரியா எப்படிப் பிரிப்பாங்க?

டிவி நேரத்தை மாநிலக் கணக்கில் விற்பதில்லை. ஒளிபரப்புச் சந்தைக் கணக்கில் விற்கிறார்கள். சிக்கலே அங்கேதான். ஃபிலடெல்ஃபியா சந்தையில் வாங்கினால் தெற்கு நியூ ஜெர்சிக்காரரும் டெலவேர்காரரும் பார்ப்பார்கள். அந்தக் காசு தண்டம். நியூ ஹாம்ப்ஷயரின் 4 ஓட்டுக்காகப் பாஸ்டன் கட்டணம் கொடுத்தால் பெரும்பாலும் மாசசூசெட்ஸ்காரர்தான் பார்ப்பார். நெவாடாவில் தலைகீழ்: லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியிலேயே மாநில மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஆகவே விலையை மொத்தப் பார்வையாளர்களால் வகுக்கக் கூடாது, அந்த மாநில வாக்காளர்களால் வகுக்க வேண்டும்.

இன்னொன்று. தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் வேட்பாளர் தன் கணக்கிலிருந்து நேரம் வாங்கினால், நிலையம் தன் மிகக் குறைந்த கட்டணத்தைத்தான் கேட்கலாம். சூப்பர் பேக்குகளுக்கு (வேட்பாளரிடமிருந்து தனித்துச் செலவு செய்யும் அமைப்புகளுக்கு) அந்தச் சலுகை இல்லை. அதே 30 விநாடிக்கு அவர்கள் பல மடங்கு அழ நேரிடும். இரு தரப்பும் எவ்வளவு திரட்டின என்று மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

சுபா: நெப்ராஸ்காவுல ஒரே ஒரு ஓட்டுக்கு ஏன் அத்தனை ரகளை?

மெய்னும் நெப்ராஸ்காவும் பிரதிநிதிகள் சபைத் தொகுதிவாரியாகவும் ஓட்டைப் பிரிக்கின்றன. 2024-இல் டெமாக்ரட் வேட்பாளர் ஹாரிஸ் பெற்றது 226, அதில் நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதியின் 1 அடக்கம். மேலே பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10 சேர்த்தால் சரியாக 270. ஒமாஹா போனால் 269. சமநிலை என்றால் பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு.

பாண்டியன்: டெக்சாஸ்ல 40 ஓட்டு இருக்கு. டெமாக்ரட்டுகள் ஏன் இறங்கி அடிக்கல?

டெக்சாஸை ஜெயிக்கும் நிலை வந்தால், அதற்கு முன்பே 270 தாண்டியிருக்கும். ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

பாண்டியன்: இப்படிச் சொல்லித்தானே ஜார்ஜியாவையும் விட்டாங்க?

நியாயமான அடி. ஒபாமா 2012-இல் அங்கே 7.8 சதவீதத்தில் தோற்றார், ஹிலாரி 5.1, பைடன் ஜெயித்தார். ஆனால் புது வாக்காளரைப் பதிவு செய்து மாநிலத்தைத் திருப்புவது பல வருட வேலை. உள்ளூர்க் கட்சியும் அமைப்புகளும் செய்ய வேண்டியது. வேட்பாளர் கையில் இருப்பது கடைசி நூறு நாள்.

நாசர்: எதிராளியைச் செலவு பண்ண வைக்கவாவது இறங்கலாமே? பாண்டியன் சொல்றது சரிதான்.

எதிராளி நம்பினால்தானே செலவு செய்வார்! அவரிடமும் கணிப்பு இருக்கிறது. நிலையங்களின் அரசியல் விளம்பரக் கோப்பு பொதுப் பார்வைக்கு உள்ளது. ஒரு வாரத்துக்கு மட்டும் நேரம் வாங்கினால் பூச்சாண்டி என்று தெரிந்துவிடும்.

பாண்டியன்: 2020-ல வித்தியாசம் 5.6 தானே?

2024-இல் 13.7. டெக்சாஸை இத்தோடு விடுவோம்.

ரேவதி: தேசிய அளவுல 3 சதவீதம் முன்னிலைன்னா எத்தனை மாநிலம் வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

தினேஷ்: தம்பி சான் ஹோசேயில இருக்கான். அவன் ஓட்டு வீணா?

கலிஃபோர்னியா எப்படியும் டெமாக்ரட் பக்கம்தான், அதனால் அதிபர் முடிவை மாற்றாது. ஆனால் அதே சீட்டில் பிரதிநிதிகள் சபைத் தொகுதியும் இருக்கிறது.

அகிலா: தேசியக் கருத்துக்கணிப்புல...

இல்லை.

இளங்கோ: மாநிலக் கணிப்பு தப்பினா? ஏழு ஸ்விங் மாநிலத்துல பிரிச்சுப் போட்டா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்ல?

காப்பாற்றாது. பிழைகள் சேர்ந்தே சாயும். 2020 விஸ்கான்சினில் கணிப்புச் சராசரி பைடனுக்கு 8 புள்ளி அளவுக்கு முன்னிலை காட்டியது. அக்கம்பக்க மாநிலங்களிலும் அதே திசையில்தான் பிழை. 2024-இல் அந்த ஏழும் ஒரே பக்கம், ட்ரம்ப் பக்கம் விழுந்தன. 800 பேரிடம் கேட்டால் ஒவ்வொருவர் ஆதரவிலும் சுமார் 3.5 புள்ளி கூடக் குறைய இருக்கும். இருவருக்கும் உள்ள இடைவெளியில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே 2 புள்ளி முன்னிலையை நம்பி மாநிலத்தை விட்டு விலகக் கூடாது.

மீனா: 2028-ல யாரு?

ஜோசியரைக் கேளுங்கள்.

முரளி: கடைசியா, எப்போ விலகணும்?

அதுதான் கடினம். ரிபப்ளிகன் வேட்பாளர் மெக்கெயின் 2008 அக்டோபர் 2 அன்று மிச்சிகனை விட்டார், 16 புள்ளியில் தோற்றார், விலகியது சரி. டெமாக்ரட் வேட்பாளர் அல் கோர் 2000 அக்டோபரில் ஒஹாயோவில் விளம்பரத்தை நிறுத்தினார். 21 ஓட்டு உள்ள மாநிலம் 3.5 புள்ளியில்தான் போனது. அதே தேர்தலில் நியூ ஹாம்ப்ஷயரின் 4 ஓட்டும் சுமார் 7,200 வாக்கில் போயிற்று. அது மட்டும் கிடைத்திருந்தால் ஃப்ளோரிடாவின் 537 வாக்குக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்திருக்காது.