பெயர்ப் பட்டியலுக்கு மார்க் போடலாமா?

விளையாட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நானும் என் நண்பனும் சேலத்தில் ஒரே ஐ.டி. அலுவலகத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறோம். அமெரிக்கக்காரர்களோடு பேசிப் பேசி அவர்களுடைய என்.எஃப்.எல். ஆட்டம் எங்களுக்கும் பிடித்துவிட்டது. இருவருக்கும் சியாட்டில் சீஹாக்ஸ்தான் டீம். ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் முடிந்த மறுநாள் சண்டைதான். ‘இந்தத் தடவை எடுத்த பசங்க ஒருத்தனும் தேற மாட்டான்’ என்பான் அவன். ‘இதைவிட நல்ல செட் அமையாது’ என்பேன் நான். யார் சொல்வது சரி?
- அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: மறுநாளே யாருக்கும் தெரியாது தம்பி. அதற்கு உங்கள் சீஹாக்ஸே சாட்சி.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை 32 அணிகளும் முறை வைத்து எடுக்கும், அதுதான் டிராஃப்ட். ஏழு சுற்று. போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஏலம் கிடையாது. யாருடைய முறையோ அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பையன் அவர்களுக்கு.

2012-ல் சீஹாக்ஸ் முதல் சுற்றில், 15-வது ஆளாக, புரூஸ் இர்வினை எடுத்தது. ‘இவனை இன்னும் பின்னால் எடுத்திருக்கலாமே’ என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில், 75-வது ஆளாக, ரஸ்ஸல் வில்சன். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம். வில்சனுக்கு ஐந்தடி பதினோரு அங்குலம்கூட முழுதாக இல்லை. அதே இடத்துக்காக மேட் ஃப்ளின் என்பவரை அந்த மார்ச் மாதம்தான் நல்ல சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அப்புறம் எதற்கு இன்னொருவர் என்று கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. அந்த செட்டுக்கு ஃபெயில் மார்க் போட்டவர்களும் உண்டு.

நடந்தது என்ன? கோச் பீட் கேரல் அந்த இடத்துக்கு நிஜமாகவே போட்டி வைத்தார். புதுப் பையன் ஜெயித்தான், சீசனின் முதல் ஆட்டத்திலேயே இறங்கினான். இரண்டாவது சுற்றில் 47-வது ஆளாக வந்த பாபி வாக்னர் வருஷக்கணக்கில் தடுப்பாட்டத்தின் தூணாக நின்றார். 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று நொறுக்கி, என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பௌலை வாங்கினார்கள்.

மார்க் போட்டவர்கள் பெயர்களைப் பார்த்தார்கள். அந்தப் பெயர்களுக்கு அங்கே என்ன வேலை காத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ஃப்ளினுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, அவர்தான் ஆட வேண்டும் என்று கோச் பிடிவாதமாக இருந்திருந்தால் அதே வில்சன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ‘மூன்றாவது சுற்று வீண்’ என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் இந்த டிராஃப்டை வைத்தே ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்தால், முதலில் எடுக்கப்பட்டவர் பிற்பாடு மற்றவரைவிட நன்றாக ஆடியது பாதித் தடவையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வருஷம் முழுக்க வீடியோ பார்த்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு அளந்து எடுப்பவர்களின் கணக்கே இப்படித்தான் இருக்கிறது. டிராஃப்ட் அன்று ராத்திரி நாம் மார்க் போடுவதில் அர்த்தமே இல்லை.

சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை மாற்றுங்கள். இந்தப் பையன் யாருடைய இடத்தில் ஆடப் போகிறான்? அங்கே இப்போது இருப்பவருக்கு இன்னும் எத்தனை வருஷ ஒப்பந்தம் பாக்கி? இவனுக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறதா? இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மூன்றாவது சீசன் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். நண்பன் சொன்னதில் எது சரி, நீங்கள் சொன்னதில் எது சரி என்று அப்போது பேசலாம்.

கேள்வி: டிராஃப்டில் கடைசி ஆளாக வந்தவர் யாராவது உருப்பட்டிருக்கிறார்களா?
- கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: பிராக் பர்டி. 2022-ல் 262-வது, அந்த வருஷத்தின் கடைசிப் பெயர். சான் பிரான்சிஸ்கோ அணியில் அவருக்கு மேலே இருந்த இரண்டு பேரும் காயம்பட்டதால் இடம் கிடைத்தது. இரண்டாவது சீசனிலேயே அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார், கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள். டாம் பிரேடியை எல்லோருக்கும் தெரியும்: 2000-ல் ஆறாவது சுற்று, 199-வது ஆள், பிற்பாடு ஏழு சூப்பர் பௌல்.

கேள்வி: நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. ‘பஞ்சாப் ஏமாந்துபோச்சு’ என்கிறார் வீட்டுக்காரர். ‘ஹைதராபாத்துக்கு அடிச்சது லக்’ என்கிறான் என் தம்பி. எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்த்து வையுங்கள் ஐயா.
- ஓமலூர் வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சகோதரி. ஏலத்தில் விலை ஏறுவது, எதிரில் இன்னொருவர் விடாமல் கை தூக்குவதால். அன்றைக்கு அடிப்படை விலை 10 லட்சம்தான். அது 3 கோடி ஆனதற்கும் அடுத்த வருஷம் 40 லட்சத்தில் நின்றதற்கும் நடுவில் அந்தப் பையனின் கை மாறிவிடவில்லை. இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் போட்டுப் பழகிய அதே இடது கைதான்.

பஞ்சாபில் ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். ஹைதராபாத்தில் 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் கேட்டிருந்தால் உங்கள் தம்பியே ‘40 லட்சமும் தண்டம்’ என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர்கள் அவரை விட்டுவிடவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர் குழுவில் முரளிதரன் இருந்தார், தமிழில் பேசலாம். வெளியூர் போய்ப் பாஷை தெரியாமல் நிற்கிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகளை வெளி மாநிலத்துக்குக் கூட்டிப் போன எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2020-ல் 16 ஆட்டம், 16 விக்கெட். அந்த நவம்பரில் அபுதாபியில் டிவில்லியர்ஸுக்குப் போட்ட யார்க்கரை நினைத்துப் பாருங்கள்: அரை சதம் அடித்து நிலைத்து ஆடிக்கொண்டிருந்தவர், மட்டையைக் கீழே இறக்குவதற்குள் ஸ்டம்ப் போய்விட்டது. அங்கிருந்து நெட் பௌலராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பரில் கான்பெராவில் ஒரு நாள் ஆட்டமும் டி20-யும், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர்.

என் தீர்ப்பு: பஞ்சாப் எடுத்தது சரி, ஒரு சீசனில் விட்டதுதான் தப்பு. ஹைதராபாத்துக்கு வந்தது லக் இல்லை, பொறுமை.

கேள்வி: நம்ம ஐ.எஸ்.எல். கால்பந்தில் ஏன் டிராஃப்ட் இல்லை? இருந்தால் நம்ம ‘சென்னையின் எஃப்.சி.’ அணிக்கு நல்லதுதானே?
- ஏற்காடு வாசகர்

பதில்: இருந்தது. 2017 ஜூலையில் மும்பையில் நடந்தது. ஜாம்ஷெட்பூரும் பெங்களூருவும் புதிதாகச் சேர்ந்த வருஷம் அது. முதல் பெயர் அனஸ் எடதொடிகா, ஜாம்ஷெட்பூர் எடுத்தது. சென்னையின் எஃப்.சி. எடுத்ததில் நம் வியாசர்பாடி தனபால் கணேஷும் உண்டு. ஃபார்வர்டு ஆடும் ஜெஜேயை டிராஃப்டுக்கு விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்த செட் நல்ல செட்டா என்று கேட்டால் 2018 மார்ச்சில் எல்லோரும் ஆமாம் என்றிருப்பார்கள். அரையிறுதியில் கோவாவை 3-0 என்று ஜெயித்தபோது ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. இறுதியாட்டத்தில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள். ஆனால் அன்று விழுந்த மூன்று கோலையும் அடித்தவர்கள் மெயில்சன் ஆல்வெஸும் ரஃபேல் அகஸ்டோவும். இருவரும் பிரேசில்காரர்கள், டிராஃப்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த சீசனில் பெரும்பாலும் அதே இந்திய வீரர்கள்தான்; 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். ஜெஜேவின் கோல் வறண்டுபோனது. அந்தப் பட்டியலுக்கு எந்த வருஷத்து மார்க்கைப் போடுவீர்கள்?

இப்போது கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. அதுவே நல்லது என்பேன். தன் ஊர்ப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த கிளப்புக்கே அவன் கிடைக்க வேண்டும். முறை வைத்துப் பிரிக்கும்போது அந்த ஆசை செத்துப்போகும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கால்பந்து செலக்‌ஷனுக்குப் போனான், பட்டியலில் பெயர் வரவில்லை. அவன் கூட ஆடுகிற பையன்கள் எல்லாரும் ‘இந்த வருஷம் டீமே சரியில்லை, உன்னை எடுத்திருக்கணும்’ என்கிறார்கள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
- ஆத்தூர் வாசகி

பதில்: அம்மா, உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுக்க நான் செலக்‌ஷனில் நின்றிருக்கிறேன். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

காலையில் கிரவுண்டு நிறையப் பையன்கள் வந்துவிடுவார்கள். முதுகில் நம்பர் குத்தி, பதினொன்று பதினொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு செட்டுக்கும் இருபது நிமிஷம். ஃபார்வர்டு ஆடுகிறவனுக்குப் பந்து வரும், கண்ணில் படுவான். பேக் ஆடுகிற பையனுக்கு அந்த இருபது நிமிஷத்தில் இரண்டு முறை பந்து வந்தால் பெரிசு. பார்ப்பவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனைப் பார்க்கவே மாட்டார்.

நான் பந்தைவிட்டுக் கண்ணை எடுத்துவிடுவேன். பந்தைப் பறிகொடுத்த பையன் அடுத்த மூன்று எட்டு எந்தப் பக்கம் வைக்கிறான்? இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா? காந்தி ஸ்டேடியத்தில் ஒரு தடவை வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன், கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு லெஃப்ட் பேக் நின்றான். பந்து அவன் பக்கமே வரவில்லை. ஆனால் ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுக்கிறவன், மேலே ஏறிய ஒவ்வொரு முறையும் யாரும் சொல்லாமல் உள்ளே நகர்ந்து அந்த இடத்தை அடைத்தான். கூடவே பார்த்துக்கொண்டிருந்தவர் ‘இவன் ஒண்ணுமே பண்ணலையே சார்’ என்றார். நான் அவன் நம்பரை எழுதிக்கொண்டேன். மறு வருஷம் அவன்தான் கேப்டன்.

உங்கள் மகனை அப்படிப் பார்க்க ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதனால் ‘தப்பாக விட்டுவிட்டார்கள்’ என்றும் சொல்ல மாட்டேன், ‘அவனுக்கு ஆட்டம் பத்தாது’ என்றும் சொல்ல மாட்டேன். செலக்‌ஷனில் இருந்தவரை அவனே நேரில் பார்த்து, ‘சார், எனக்கு எதில் குறை?’ என்று கேட்கட்டும். அக்கறை உள்ளவர் பதில் சொல்வார். நீங்கள் கூடப் போக வேண்டாம், அவன் தனியாகவே கேட்கட்டும். டீம் சரியில்லை என்று பேசுகிற பையன்களோடு அந்தப் பேச்சில் அவன் சேரவும் வேண்டாம். பட்டியலில் இருப்பவர்களும் அவனைப் போன்ற பிள்ளைகள்தான்.

அடுத்த முறை நம்பர் கொடுக்கும்போதே தான் வழக்கமாக ஆடுகிற இடம் எது என்று சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிற பையனை ஆள் குறைகிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஸ்டாப்பரை விங்கில் நிறுத்தினால் அந்த இருபது நிமிஷமும் வீணாகிவிடும்.