இரண்டாவது கோல்கீப்பராகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பெரிய கால்பந்து கிளப் ஒன்றின் இளையோர் அணியில் இரண்டு பருவங்களாக மாற்று கோல்கீப்பராகவே இருக்கிறான். கீழ்நிலை லீக்கில் ஆடும் சிறிய கிளப் ஒன்று, முதல் கோல்கீப்பராக ஆட அவனை அழைக்கிறது. போகலாமா?

பதில்: போகட்டும் என்பதே என் உறுதியான கருத்து. நடுக்கள வீரரோ முன்கள வீரரோ மாற்று ஆட்டக்காரராக இருந்தாலும், கடைசி இருபது நிமிடங்களாவது களமிறங்க வாய்ப்புண்டு. கோல்கீப்பரையோ காயம் பட்டாலோ சிவப்பு அட்டை பெற்றாலோ தவிரப் பெரும்பாலும் மாற்றுவதில்லை என்பதால், உங்கள் மகன் ஒரு பருவம் முழுவதையும் இருக்கையிலேயே கழிக்க நேரலாம்.

பந்தைப் பாய்ந்து பிடிப்பதைப் பயிற்சியில் கற்றுவிடலாம். ஆனால் அரை மணி நேரம் பந்தே வராமல் இருந்துவிட்டுத் திடீரென வரும் ஒரே உதையைத் தடுப்பதும், பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்துக்கு முன்னேறிச் செல்வதா கோட்டிலேயே நிற்பதா என்று நொடிப்பொழுதில் முடிவெடுப்பதும் ஆட்டங்களில் மட்டுமே கைவரும். சக வீரர் வேண்டுமென்றே காலால் பின்னுக்குத் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தபின், எதிரணி நெருக்கும்போது நிதானமாகக் காலால் ஆடும் திறனும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸின் பாதையைப் பாருங்கள். 2010இல் பதின்ம வயதில் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் சேர்ந்த அவர், பத்து ஆண்டுகளில் ஆறு கிளப்புகளுக்கு லோன் முறையில், அதாவது சிறிது காலம் அங்கே ஆடிவிட்டுத் திரும்பும் ஏற்பாட்டில், அனுப்பப்பட்டார். 2020 ஜூனில் முதல் கோல்கீப்பர் பெர்ன்ட் லெனோ காயமடைந்ததும் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை ஆர்சனலுடன் வென்று, செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு மாறினார். 2022 உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே. பொறுமைக்கு உதாரணமாகவே பலரும் இதைச் சொல்வார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்வேன்: ஸ்பெயினின் கெட்டாஃபேயில் அவருக்கு மிகச் சில ஆட்டங்களே கிடைத்தன, 2019இல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ரெடிங் அணிக்காகவோ அரைப் பருவத்திலேயே 18 லீக் ஆட்டங்கள் ஆடினார். வாய்ப்பு வந்த நாளில் அவர் ஆயத்தமாக இருந்ததற்கு இந்த ஆட்டங்களே காரணம் என்று நான் கருதுகிறேன்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். இத்தாலியக் கோல்கீப்பர் புஃபோன் 1995இல் பார்மா அணிக்காக 17 வயதில் களமிறங்கியது அரிய நிகழ்வு. இந்த இடத்தில் ஆடுபவர்களின் ஆயுள் நீளமானது: டினோ ஸோஃப் 1982 உலகக் கோப்பையை இத்தாலியின் கேப்டனாக வென்றபோது அவருக்கு 40 வயது, எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஆடி, ஒரு பெனால்ட்டியையும் தடுத்தார்.

கையெழுத்திடும் முன் அந்தக் கிளப்பிடம் சிலவற்றைக் கேளுங்கள். கோல்கீப்பர்களுக்கெனத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா, அவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதே முதல் கேள்வி. இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் மட்டும் நான் தயங்குவேன். வேறொரு அனுபவமுள்ள கோல்கீப்பரை இதே பருவத்தில் எடுக்கும் எண்ணம் உண்டா என்பதையும், தோள், விரல் காயங்களுக்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள் என்பதையும் கேட்டு, காயச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இப்போதைய கிளப் லோன் முறையில் அனுப்பச் சம்மதித்தால் அதுவே மிக நல்லது. திரும்பும் கதவும் திறந்திருக்கும்.