ஐசியுவில் சிலருக்கு மணிக்கட்டிலும் சிலருக்குத் தொடையிலும் ஆர்ட் லைன் போடுகிறார்களே, இடத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

மதுரையில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். "ஏற்கெனவே ட்ரிப்ஸ் ஏறுதே, எதுக்கு இன்னொரு குத்து?" என்றும் ஐசியு வாசலில் கேட்பார்கள். ட்ரிப்ஸ் ஏறுவது சிரையில். ஆர்ட் லைன் தமனிக்குள் வைக்கும் மெல்லிய குழாய். அதில் மருந்து போடவே கூடாது. ஒவ்வொரு துடிப்பின் பிரஷரையும் திரையில் பார்க்கலாம், ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்க்கும் ஏபிஜி டெஸ்டுக்கு மறுபடி மறுபடி குத்தாமல் ரத்தம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் பார்ப்பது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம். தமனி தோலுக்குக் கீழேயே ஓடுகிறது, ரத்தம் கசிந்தால் எலும்போடு வைத்து அழுத்திவிடலாம். அதைவிடப் பெரிய வசதி, கைக்கு இரண்டு வாய்க்கால். சுண்டுவிரல் பக்கம் வரும் தமனியும் உள்ளங்கையில் இதோடு சேர்வதால், ஒன்று அடைத்தாலும் பெரும்பாலும் விரல்களுக்குச் சேதமில்லை. முழங்கை மடிப்பில் அப்படி மாற்று வழி கிடையாது, பக்கத்திலேயே நரம்பும் இருக்கிறது. எனக்கு அது கடைசி இடம்.

சரி, எந்தக் கை? பழக்கமில்லாத கை. ஒருமுறை குடல் ஆபரேஷனுக்கு ஒரு தையல்காரர் வந்தார். இடது மணிக்கட்டுக்குக் கீழே துணிச்சுருளை வைத்து, கையை வளைத்து பிளாஸ்டரும் ஒட்டிவிட்டேன். "டாக்டரம்மா, நான் கத்தரி பிடிக்கிறதே பீச்சாங்கையிலதான்" என்றார். கட்டைவிரலில் கத்தரிப் பிடியின் காய்ப்பு தடித்துக் கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை. பிளாஸ்டரைப் பிரித்து வலது கைக்கு மாறினேன்.

சிறுநீரகம் பழுதானவர் என்றால் மணிக்கட்டைத் தொடவே யோசிப்பேன். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைக்க, அதாவது தமனியைச் சிரையோடு இணைக்க, அந்த ரத்தக்குழாய் வேண்டும்.

தொடைக்குப் போவது பெரும்பாலும் ஷாக்கில், அதாவது உடம்புக்குப் போதுமான ரத்த ஓட்டம் இல்லாமல் பிரஷர் விழுந்த நிலையில். மணிக்கட்டில் நாடியே கிடைக்காது. பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து அதிகமாக ஓடும்போது மணிக்கட்டில் கிடைக்கும் பிரஷர் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். தொடைத் தமனி பெரியது, இதயத்துக்கும் பக்கம். சிலருக்குப் பாதத்தின் மேல்புறம் போடுவோம். அங்கே சிஸ்டாலிக், அதாவது பிரஷரின் மேல் எண், கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், சராசரி அழுத்தம் பெரிதாக மாறாது.

எந்தக் கை பழக்கம், டயாலிசிஸ் பேச்சு உண்டா என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம், லைன் இருக்கிற கையின் விரல்கள் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, வலித்தாலோ ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.