படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு அலுவலகத்தில் எது கஷ்டம்? உங்கள் அனுபவம் என்ன?

நான் சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுண்டன்சி) படிப்பில் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற கட்டாயப் பயிற்சி செய்தவள். 2016 ஆகஸ்ட் முதல் 2019 ஆகஸ்ட் வரை மூன்று வருடம், சென்னை தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்த இந்த ஒரு துறையை வைத்தே பதில் சொல்கிறேன். இன்ஜினியரிங், சட்டம், நர்சிங் என்று போகிறவர்களுக்கு விவரங்கள் வேறாக இருக்கும். ஆனால் என் ஹாஸ்டலில் எல்லாத் துறைப் பெண்களும் இருந்தார்கள், இரவுச் சாப்பாட்டில் பேசிக்கொள்ளும்போது எல்லோருக்கும் இருந்த பயம் ஒன்றாகத்தான் இருந்தது.

சி.ஏ. பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இதில் படிப்பும் வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்தால்தான் படிப்பு நிறைவாகும். எங்களுக்கு அது மூன்று வருடம். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டார்கள்.

சரி, முதல் நாளுக்கு வருகிறேன். அலமாரியிலிருந்து நான்கு பாக்ஸ் ஃபைல்களை இறக்கி மேஜையில் வைத்து, "ஏப்ரல்லேர்ந்து வவுச் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு சீனியர் வேறு கிளையண்ட் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். வவுச் செய்வது என்றால், கணக்கில் எழுதியிருக்கும் ஒவ்வொரு செலவுக்கும் பில் இருக்கிறதா, தொகையும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. புத்தகத்தில் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் கையில் பச்சைப் பேனாவோடு உட்கார்ந்தபோது எதைத் தேட வேண்டும் என்றே தெரியவில்லை. பில் இருக்கிறதா, இருக்கிறது, டிக். தொகை சரியா, சரி, டிக். இரண்டு நாளில் அறுநூறு வவுச்சருக்கு மேல் டிக் போட்டேன். ஒரு தவறுகூடக் கண்ணில் படவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், இதுகூடத் தெரியாமலா சேர்ந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது நாள், மூன்றாம் வருட ஆர்ட்டிகிள் அக்கா ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முடித்து வைத்திருந்த கட்டிலிருந்து இரண்டு வவுச்சரை உருவி அருகருகே வைத்தார். அட்டைப்பெட்டி சப்ளை செய்தவருக்கு ரொக்கமாகக் கொடுத்தது. ஒன்று 19,500 ரூபாய், இன்னொன்று 18,200 ரூபாய். "தேதியைப் பாரு" என்றார். இரண்டும் ஒரே நாள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்பது அப்போதைய சட்டம். (2017 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000 ஆகிவிட்டது.) வரம்புக்குள் காட்டுவதற்காக ஒரே தொகையை இரண்டு வவுச்சராகப் பிரித்திருந்தார்கள். பிரித்தாலும் ஒரு நாளைக்கு மொத்தமாகத்தான் கணக்கு. 40ஏ(3) என்ற அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். கண்ணெதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

அக்கா என்னோடு உட்கார்ந்தது இருபது நிமிடம் இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் வீண். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பெரிய கஷ்டம், பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தர ஆள் இல்லாததும், தெரியாது என்று வாய் திறக்கப் பயப்படுவதும். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். கேட்காததால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள், தெரியும் என்று நினைப்பதால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுத இன்னும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 2017 மே மாதம் ஒரு கிளையண்டுக்கு டிடிஎஸ் ரிட்டர்ன், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியின் விவரப் பட்டியல், தயார் செய்தேன். அவர்கள் கடை வைத்திருந்த கட்டிடத்தின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மாதம் 25,000 ரூபாய் வாடகை, அதில் 10 சதவீதம், அதாவது 2,500 ரூபாய், பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு 7,500. பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டது. ஆனால் அவருடைய பான் எண்ணை டைப் செய்யும்போது நான் இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டேன். பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, அவர் பெயரில் மட்டும் ஏறவில்லை.

ரிட்டர்ன் போன பிறகு, பழைய ஃபைலோடு வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன், ஆடிட்டர் சாரின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன். ராத்திரி தூக்கம் இல்லை. எனக்கு அப்போது மாத ஸ்டைபெண்டே (பயிற்சிக் காலத்து உதவித்தொகை) 2,500 ரூபாய்தான். அவருடைய ஒரு மாதப் பிடித்தமும் என் ஒரு மாத ஸ்டைபெண்டும் ஒரே தொகை என்பதால் அது மனதை விட்டு நகரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அந்த ஆசிரியரே ஆபீசுக்கு வந்துவிட்டார். ஒருவர் பெயரில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தின் பிரிண்ட் அவர் கையில் இருந்தது. "மூணு மாசம் வரவே இல்லீங்களே, ரீஃபண்டு வாங்கணும்" என்று ரிசப்ஷனில் நின்று கேட்டார். வேட்டியும் மடித்துப் பிடித்த மஞ்சள் பையுமாக அவர் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த நிமிடம் எழுந்து போய் சாரிடம் சொல்லிவிட்டேன்.

சார் கோபப்பட்டார்தான். தவறு செய்ததற்கு இரண்டு வார்த்தை, மறைத்ததற்குப் பத்து நிமிடம். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, "திருத்தின ஸ்டேட்மென்ட் போட்டுடுங்க" என்றார். அரை மணி நேர வேலை. சில நாளில் ஆசிரியர் கணக்கில் தொகை ஏறிவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் பஸ் ஏறி வந்திருக்கவே வேண்டாம்.

பணம், நேரம், லீவு. இதைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா கும்பகோணத்திலிருந்து மாதம் 6,000 ரூபாய் அனுப்பினார். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டிலிருந்து பணம் வருகிறதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. 2020இல் குறைந்தபட்ச ஸ்டைபெண்டை இரட்டிப்பாக்கினார்கள். 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் முதல் வருடத்துக்கு 4,000 ரூபாய் என்று ஆனது. நல்லதுதான். ஆனாலும் சென்னையில் ஒரு ஹாஸ்டல் படுக்கைக்குக்கூட அது போதாது. வெளியூரிலிருந்து வரும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பின் கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விதிப்படி வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை. செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான கணக்குத் தணிக்கை) கெடு நெருங்கும்போது அந்த விதியை யாரும் நினைப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஹாஸ்டல் கேட்டைத் திறக்க வார்டனிடம் கடிதம் கொடுத்து வைத்திருந்தேன். வேலை இருக்கிறது என்றால் இருக்கத் தயார்தான். ஆனால் என்னைக் கஷ்டப்படுத்தியது லீவு. எங்கள் காலத்தில் வேலை செய்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு லீவு உண்டு, பெரும்பாலும் எல்லோரும் அதைத் தேர்வுக்குச் சேர்த்து வைப்போம். நான் சி.ஏ.வின் கடைசித் தேர்வான ஃபைனல் எழுதுவதற்காக மூன்று மாதம் கேட்டேன். கிடைத்தது நாற்பது நாள். "எல்லாரும் ஒரே நேரத்தில் போயிட்டா ஆபீசை யார் பாக்கிறது?" என்றார்கள். அந்த முறை தேர்வின் இரண்டு குரூப்பில் ஒன்றில் ஃபெயில் ஆகிவிட்டேன். அடுத்த முறைதான் பாஸ் செய்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. படிக்க வந்த பிள்ளை என்பதை அலுவலகம் மறந்துவிடுகிற இடம் இதுதான். இப்போதைய திட்டத்தில் பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும், அந்த ஆறு மாதம் முழுக்கப் படிப்புக்கே. இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

சந்தோஷமான பகுதியும் உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. இருபது வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் புதுசு, ஒரு வருட ஆர்ட்டிகிளுக்கும் புதுசு. அலுவலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு விஷயம் வந்தபோது, தெரியாது என்று சொல்வது எல்லோருக்கும் சகஜமாகிவிட்டது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே சட்டத்தைப் படிப்போம். ஒரு நாள் சார் என் மேஜைக்கு வந்து, "இந்த 3பியில இன்புட் எங்கம்மா போடணும்?" என்று கேட்டார். 3பி என்பது ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபாரம், இன்புட் என்பது சரக்கு வாங்கும்போதே கட்டிய வரி. ஃபாரத்தில் அந்த அட்டவணையைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவரிடம் கேள்வி கேட்க நான் தயங்கியதே இல்லை.

வெளியே போய் வேலை செய்வது தனிப் பாடம். மார்ச் 31 வந்தால் கிளையண்டின் சரக்கை நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும். என்னைச் செங்குன்றத்தில் ஒரு அரிசி குடோனுக்கு அனுப்பினார்கள். மூட்டைகள் அட்டி போட்டு கூரை வரை அடுக்கியிருந்தன. நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கி எழுதிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ நின்னு எண்ணாத பாப்பா, மேல ஏறிப் பாரு. நடுவுல காலியா இருக்கும்" என்றார். அவரே ஏணி பிடித்தார். ஏறிப் பார்த்தால் ஒரு அட்டியின் நடுவில் ஐந்து அடுக்கு ஆழத்துக்குக் குழி. அன்று காலையில் லாரிக்கு எடுத்ததாம், பில்லும் இருந்தது. ஆனால் ஏறாமல் இருந்தால் இல்லாத மூட்டைகளை இருப்பதாக எழுதியிருப்பேன். மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதில் பாதி இப்படிப்பட்டவர்களிடம்தான். கிளையண்ட் ஆபீசில் வயதான அக்கவுண்டன்ட்கள் இருப்பார்கள். அவர்களிடம் "இதுக்கு ஏன் பில் இல்ல?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். "சார், இந்தப் பில் எந்த ஃபைல்ல இருக்கும், கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டால் தேடித் தருவார்கள், கூடவே அந்த வியாபாரத்தையே விளக்குவார்கள்.

அதே குடோனில் இன்னொன்றும் நடந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனேன், மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள், யாரிடம் கேட்பது? மார்ச் மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். ஹாஸ்டலுக்கு வந்து சேரும்போது காய்ச்சல். என்னை அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அந்த யோசனையே வரவில்லை.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களும் அதில் அடக்கம், சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கிளையண்ட் இடத்தில் நடந்தாலும் அது பணியிடம்தான். 'நீ இன்டர்ன்தானே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது திருச்சியில் சின்னதாக ஒரு அலுவலகம் வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறார்கள். சேர்ந்த முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் அவர்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் வேலை கொஞ்சம் பின்தங்கியது, பரவாயில்லை. போன மார்ச் 31க்கு அதில் ஒரு பெண்ணை மணப்பாறைப் பக்கம் ஒரு குடோனுக்கு ஸ்டாக் எண்ண அனுப்ப வேண்டியிருந்தது. முந்தைய நாளே அங்கே போன் செய்து, லேடீஸ் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்றார்கள். வாட்ச்மேனின் நம்பரையும் வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.