ராணுவ டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் தவறாக இருக்கின்றன. எங்கே திருத்துவது?

கேள்வியின் சுருக்கம்: அப்பா தரைப்படையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், ஊர் கும்பகோணம் பக்கம். டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் ‘பசந்தா’ என்று இருக்கிறது, ஆதாரில் ‘வசந்தா’. பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. அப்பாவின் பிறந்த தேதியிலும் ஒரு வருட வித்தியாசம். தஞ்சாவூர் அலுவலகத்திலேயே திருத்தித் தருவார்களா?

தர மாட்டார்கள். தஞ்சாவூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும், கவரிங் லெட்டர் போட்டு அனுப்பும். திருத்தும் அதிகாரம் அப்பாவின் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு மட்டுமே. கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக், அங்கே உள்ள ஷீட் ரோலை (படைவீரரின் மூலப் பதிவேடு) பார்த்து எழுதிக் கொடுத்தது. ஷீட் ரோல் மாறாமல் வேறு எங்கே மாற்றினாலும் நிற்காது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத். ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புக் காவல் படை) சேர்ந்து அதற்கும் பென்ஷன் வாங்குகிறவர் கண்ணூருக்குத் தனியாக எழுத வேண்டும்.

முதலில் எந்தக் காகிதம் தவறு என்று முடிவு செய்யுங்கள். அப்பாவின் பிறந்த தேதியைப் பொறுத்தவரை, படையில் சேரும்போது பதிவானதுதான் கடைசி வரை செல்லும். பணியில் இருக்கும்போதே குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பள்ளி டி.சி.யை (மாற்றுச் சான்றிதழ்) காட்டினாலும் மாற்ற மாட்டார்கள். ஆகவே ஆதாரைத்தான் டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே முறைதான் திருத்த முடியும், பெயரை இரண்டு முறை. அவசரப்பட்டு அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

அம்மாவின் விவரம் அப்படியல்ல, அதைத் திருத்த வழி உண்டு. ரெக்கார்ட் ஆபீஸ் ஆவணங்களைப் பார்த்து பார்ட் டூ ஆர்டர் (பதிவில் மாற்றத்தை ஏற்றும் உத்தரவு) வெளியிடும். அதன் அடிப்படையில் பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. (பென்ஷன்) என்ற பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) தரும், அதைக் கொரிஜெண்டம் பி.பி.ஓ. என்பார்கள். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் போர்ட்டலில் நேரடியாகப் பெயரை மாற்றிவிடலாம் என்று பலர் அங்கே ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கோரிக்கையும் சரிபார்ப்புக்கு ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் போகும். அங்கே பார்ட் டூ ஆர்டர் இல்லையென்றால் திரும்பி வரும். எனவே தபால் முதலில், போர்ட்டல் பிறகு.

அனுப்ப வேண்டியவை: படை எண், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண் எழுதி அப்பா கையெழுத்திட்ட விண்ணப்பம். டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கங்களின் நகல், பி.பி.ஓ. நகல், இருவரின் ஆதார், பான், அம்மாவின் பள்ளிச் சான்று இருந்தால் அது, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, அஃபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்). பெரிய பெயர் மாற்றம் என்றால் ஒரு தமிழ், ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரமும் கேட்பார்கள், சில இடங்களில் கெஜட்டும் கேட்பதுண்டு. பசந்தா–வசந்தா போன்ற எழுத்துப் பிழைக்குப் பெரும்பாலும் அஃபிடவிட்டே போதும். வடக்கத்தி கிளார்க் ‘வ’வை ‘ப’ ஆக்குவது, ‘ழ’வை ‘ல’ ஆக்குவது, கலியபெருமாளை இரண்டாக உடைத்து இரு பெயராக்குவது எல்லாம் அவர்களுக்கும் பழகிய சங்கதிதான்.

அஃபிடவிட்டில்தான் கோளாறு அதிகம். நீதிமன்ற வாசலில் அடித்துத் தரும் வாசகத்தில் “பெயரை மாற்றிக்கொண்டேன்” என்று இருக்கும். அது தவறு. யாரும் பெயரை மாற்றவில்லை. “படை ஆவணத்தில் பசந்தா என்றும் ஆதாரில் வசந்தா என்றும் உள்ள இரண்டு பெயரும் என் மனைவி ஒருவரையே குறிக்கும்” என்று வர வேண்டும், ஆங்கிலத்தில், இரண்டு ஸ்பெல்லிங்கும் எழுத்துக்கு எழுத்து, இரண்டு பிறந்த தேதியும் சேர்த்து. இனிஷியலையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவருடையது என்பது நமக்கு இயல்பு. ஜபல்பூரில் இருப்பவருக்கு அது இரண்டு பெண்கள். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நோட்டரி போதுமா, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் வேண்டுமா என்பதை ரெக்கார்ட் ஆபீசில் கேட்டுவிட்டு முத்திரைத் தாள் வாங்குங்கள். தமிழில் உள்ள டி.சி., கல்யாணச் சான்றுக்கு நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள்.

ஊர் விவரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய புத்தகத்தில் மன்னார்குடியும் மாயூரமும் தஞ்சாவூர் மாவட்டமாகவே இருக்கும். நாகப்பட்டினம் 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல் பிரிந்தவை. அது பிழையல்ல, திருத்தவும் வேண்டாம். இப்போதைய முகவரியை முகவரி மாற்றமாகத் தந்தால் போதும். பாபநாசத்துக்காரர்கள் மட்டும் மாவட்டத்தைக் கட்டாயம் எழுதுங்கள், திருநெல்வேலிப் பக்கமும் ஒரு பாபநாசம் இருக்கிறது.

ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் தபாலிலேயே அனுப்பாதீர்கள். பதிவு போட வேண்டும் என்று ரெக்கார்ட் ஆபீஸ் எழுதிக் கேட்டால், அட்டை முதல் அட்டை வரை கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நீங்களே பேனாவால் திருத்துவது, ஒயிட்னர் தடவுவது கூடவே கூடாது. பிறகு புத்தகம் முழுவதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இதை அப்பா இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அவர் கையெழுத்து ஒன்றே பாதிச் சான்று. அவருக்குப் பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு, ‘பசந்தா’ தான்தான் என்பதையும் தனியாக நிரூபிக்க வேண்டிவரும். பிறந்த தேதியையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100 சதவீதம் கூடுதலாக வரும். பதிவில் தேதி இல்லாமலோ வயது குறைவாகவோ இருந்தால் அந்தத் தொகை தள்ளிப்போகும்.

முதல் மனைவி இறந்து இரண்டாவது திருமணம் நடந்திருந்தால் அது பெயர்த் திருத்தம் ஆகாது. இறப்புச் சான்றும் புதிய திருமணச் சான்றும் வைத்துத் தனியாகப் பதிய வேண்டும். ‘பிழை’ என்று எழுதி உள்ளே நுழைக்கப் பார்த்தால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும்.

பதில் வரவில்லையென்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல், அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.ஜி.ஆர்.ஏ.எம்.எஸ்.ஸில் புகார். கொரிஜெண்டம் வந்ததும் ஸ்பர்ஷ் விவரம், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஸ்பெல்லிங்கை ஒப்பிடுங்கள். பழைய பி.பி.ஓ.வைத் தூக்கிப் போடாமல் புதியதோடு சேர்த்தே வையுங்கள், இரண்டையும் கேட்பார்கள்.